நான்காவது ஷரத்து

தேவகோட்டைக் கோர்ட்டு வாசலுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் இளநீர் வண்டிக்கும் நடுவில்
என் மேஜை.
பக்கத்துக்கு முப்பத்தைந்து ரூபாய்.
டைப்பிஸ்ட் பிலோமினா என்றால் டவாலிக்கும் தெரியும்.

அசல் வழக்கு நூற்றுப் பதினான்கை
நான்தான் அடித்தேன், பதினோரு வருஷத்துக்கு முன்.
பிராது பதினாலு பக்கம்.
எதிருரை ஒன்பது, கூடுதல் எதிருரை ஆறு.
திருத்த மனு, அதற்கு ஆட்சேபம்,
ஆட்சேபத்துக்கு ஒரு பதில்.
என் மகள் பாலிடெக்னிக் முடித்ததில்
ஒரு செமஸ்டர் இவர்கள் சுவர்.

சோலையப்பன் வீட்டுக் கூரைத் தண்ணீர்
காதர் மைதீன் கொல்லை வழியாகத்தான் ஊருணிக்குப் போகும்.
குறுக்கே சுவர் எழும்பியது.
தடையாணை வந்து சேர்ந்தபோது
பதினான்காவது வரிசையில் சாந்து ஈரம்.
கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டு போனவர்தான்.

இன்றைக்கு இரண்டு பேரும்
ஒரே டி.வி.எஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.
பின்னால் உட்கார்ந்திருந்தவர் பிரதிவாதி.
சமரச மையத்தில் பேசி முடித்தாயிற்றாம்,
மூன்று அமர்வு முறைப்பு, நாலாவதில் டீ.

சுவரின் அடியில் ஒன்பது அங்குலத்துக்கு இரண்டு மடை,
தூர் வாரும் செலவு பாதிப் பாதி.
இதுவரை சுலபம்.
"வாதி விட்டுக்கொடுத்து" என்று அடித்ததும்
சோலையப்பன் திரையில் விரலை வைத்தார்:
"விட்டுக்கொடுத்தது நான்னு வரக்கூடாது."
"என் பேர்லயும் வரக்கூடாது" என்றார் மற்றவர்.
அழித்துவிட்டு
"இரு தரப்பாரும் மனமொத்து" என்று போட்டேன்.
மனமொத்து.
இந்த வார்த்தையை நான் அதிகம் அடித்தது
விவாகரத்து மனுக்களில்.

நான்காவது ஷரத்து, சுவரின் உயரம்.
இடிக்கவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம்,
இருக்கிறபடியே இருக்கட்டும் என்றார்கள்.
"இருக்கிறபடின்னா எத்தனை அடி?
நாளைக்கு ஒண்ணுன்னா அமீனா டேப்போட வருவாரு."
ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.
"எங்க வீட்டுல கிண்ணத்தை நீட்டுனா
அவுக வீட்டுல எம்பாம வாங்குற உசரம்"
என்றார் காதர் மைதீன்.
சொல்லிவிட்டு இளநீர் வண்டியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

சோலையப்பனுக்கு இது இப்போதுதான் தெரிகிறதா,
தெரிந்தேதான் வாய்தாவுக்கு வாய்தா படியேறினாரா,
நான் கேட்கவில்லை.
"இரு குடும்பத்தாருக்கும் எவ்விதப் பேச்சுவார்த்தையும் இல்லை"
என்று பிராதில் அடித்த விரல் இதே விரல்.

மூன்றடி எட்டங்குலம் என்று
கமிஷனர் அறிக்கையில் இருந்தது. அதைப் போட்டேன்.
கிண்ணத்தை எந்தக் கோர்ட்டும் பதிந்துகொள்ளாது.

மொத்தம் ஒன்றேகால் பக்கம்.
கால் பக்கத்துக்கு நான் காசு வாங்குவதில்லை.
கட்டிய கோர்ட்டுக் கட்டணம் அவருக்குத் திரும்பி வருமாம்.
சாட்சிக்கு ஒரு ஆள் குறைய, நானே கையெழுத்துப் போட்டேன்.

தாளில் சூடு ஆறவில்லை.
சோலையப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டார்:
"முருங்கைக்காய் விட்டுப்போச்சே!
மரம் என்னுது, காய்க்கிறது அவர் பக்கம்."
"அஞ்சாவதாச் சேர்க்கவா?"
விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்,
பக்கம் நிறையுமே என்கிற ஆசையும் இல்லாமல் இல்லை.

காதர் மைதீன் அதற்குள் வண்டியை உதைத்திருந்தார்.
"முதல்ல காய்க்கட்டும்யா."
வேட்டியைத் தூக்கிக்கொண்டு
வாதி பின்னால் ஏறினார்.