இரண்டு இருக்கை பின்னால்

முதல் வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.
எடப்பள்ளி, வண்டிச்சோலை, குன்னூர் என்று நான் சொல்ல
பூமயில் விரலை மடக்கிக்கொண்டு வந்தாள்.
கட்டபெட்டில் ஏறும்போதே
டிரைவருக்கு ஒரு வணக்கம் வைப்பாள்.
அது நான் சொல்லித் தந்ததல்ல.

இரண்டாம் வாரம் இரண்டு இருக்கை பின்னால்.
மூன்றாம் வாரம் கடைசி வரிசை,
காரட் மூட்டைக்கும் தூங்கும் கல்லூரிப் பையனுக்கும் நடுவே
முகத்தைக் குனிந்துகொண்டு, வேவு பார்ப்பவளைப் போல.
அவள் ஒரு தரமும் திரும்பவில்லை.
இறங்கிய பிறகு சொன்னாள்:
"இறக்கத்துல உங்க குடைத் தண்ணி
என் செருப்பு வரைக்கும் வந்துருச்சு, டீச்சர்."

நான் டீச்சர் இல்லை.
அமைப்பில் என் பதவிக்கு நீளமான பெயர்,
சம்பளச் சீட்டில் பாதிதான் அச்சாகும்.
வேலை இதுதான்: கூடவே போவது,
பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போகாமல் இருப்பது.
முதல் பாதிக்குத்தான் பயிற்சி கொடுத்தார்கள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது.
எழுத்து கூடிவராது. ஊதா நோட்டு நூறு, மஞ்சள் இருநூறு.
அண்ணனின் லைன் வீட்டில் இருந்தவரை
தீப்பெட்டி, சாவி, சில்லறை
எதுவும் அவள் கைக்கு எட்டிய உயரத்தில் இருந்ததில்லை.

வாடகைக்கு அறை தேடியபோது
ஏழு வீட்டிலும் "தனியாவா?" என்றே கேட்டார்கள்.
எட்டாவது வீட்டுக்காரர் பெள்ளி மட்டும்
"மோட்டாரை மறக்காம அணைப்பாங்களா?" என்றார்.
அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.
முதல் மாதம் ரவை கருகியது.
இரண்டாம் மாதமும் கருகியது,
ஆனால் அவளே மூக்கைச் சுளித்து அடுப்பை அணைத்தாள்.
அதையும் குறித்து வைத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை நான் பஸ்ஸில் ஏறவில்லை.
குன்னூரில், அவள் லேபிள் ஒட்டும் டீத்தூள் கிடங்கின் எதிரே
வேறு யாருக்கோ காத்திருப்பவள் போல நின்றேன்.
எட்டு நாற்பது பஸ் வந்தது.
காரட் மூட்டை இறங்கியது. கல்லூரிப் பையன் இறங்கினான்.
பஸ் போய்விட்டது.

மேகம் ரோட்டில் இறங்கிப் படுத்திருந்தது.
ஒன்பது. ஒன்பதே கால்.
கண்டக்டருக்குப் போன் போட்டால்
"வண்டிச்சோலையிலயே இறங்கிட்டாங்களே மேடம்" என்கிறார்.
வளைவுகள் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தன.
போன மாதம் காட்டெருமை நின்ற இடம்.
ஒயின்ஷாப் வாசல்.
"ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான்" என்ற அண்ணன்,
அதற்குக் கீழே என் கையெழுத்து.

ஒன்பது ஐம்பதுக்கு வந்தாள்.
கழுத்தில் நாங்கள் மாட்டிய அட்டை
சிவப்பு ஸ்வெட்டருக்குள் போயிருந்தது.
கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம்.

"எங்க போன?"
என் வாயில் அவள் அண்ணனின் குரல்.

"வர்க்கி வாசம் வந்துச்சு, இறங்கினேன்.
அடுத்த பஸ் வந்துச்சு, ஏறினேன்."
கொஞ்சம் யோசித்து,
"ஏன் டீச்சர், நீங்க இறங்க மாட்டீங்களா?"

பதினோரு வருடமாக அதே பஸ்.
அந்த வாசம் தினமும் ஜன்னல் வழியே வரும்.
வண்டிச்சோலையில் ஒரு நாளும் நான் இறங்கியதில்லை.

சூப்பர்வைசர் ஒரு மணி நேரக் கூலியைப் பிடித்தார்,
எல்லோருக்கும் பிடிப்பதைப் போல.
அவளுக்காகப் பேச வாயெடுத்தேன்.
பூமயில் என்னைப் பார்த்தாள்.
வாயில் ஒரு வர்க்கியைப் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் அறிக்கைப் படிவம்.
ஏறினாரா, இறங்கினாரா, உதவி தேவைப்பட்டதா:
மூன்றே கட்டம்.
ஆசைப்பட்டார் என்று எழுத இடமில்லை.
ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்,
மேலே கொஞ்சம் எண்ணெய்க் கறை.

செவ்வாய்க்கிழமை ஆபீசிலேயே இருந்தேன்.
எட்டு நாற்பதுக்கு போனை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.
எட்டு நாற்பத்திரண்டுக்குத் திறந்தேன்.