இரும்பின் ஒலியளவு: மூன்று

காசிமேட்டில் படகு எரித்த மணல் இது.
மரம் புகையாகப் போய்விட்டது.
ஆணி எங்கே போகும்?
கயிற்றில் காந்தம் கட்டி இழுத்த பையன்கள்
விட்டுவைத்ததே இவ்வளவு.

ஏலச் சத்தம் இன்னும் அடங்கவில்லை.
காலி ஐஸ் பெட்டிமேல் நாகவல்லி.
"அரை சவரன்ணே. மோதிரம்.
நேத்து இங்கதான் குந்திக்கினு
வலைல மீன் கழட்டிக்கினு இருந்தேன்."

ஹெட்போன் வயரை உப்பு தின்றுவிட்டது.
ஸ்பீக்கரில்தான் கேட்கவேண்டும், ஊருக்கே கேட்கும்.

முதலில் எல்லா உலோகத்துக்கும் ஒரே குரல் வைத்தேன்.
முதல் பந்திக்கு முண்டும் கூட்டம் மாதிரி
எல்லாம் சேர்ந்து கத்தியது.
பிறகு இரும்பை முழுசாக ஊமையாக்கினேன்.
அமைதி.
அழகான அமைதி, ஆனால் பொய்.
ஆணியின் வாயைப் பொத்தினால்
ஆணிக்குப் பக்கத்தில் படுத்திருப்பதன் வாயும்
சேர்ந்து பொத்திக்கொள்ளும்.
எண்ணூரில் ஒரு கொலுசை
அப்படித்தான் மிதித்துத் தாண்டினேன்.
மறுநாள் வேறொருத்தன் எடுத்தான்.

ஆகவே மூன்று குரல்.
இரும்புக்கு அடித்தொண்டை, மழைத்தவளை.
தங்கத்துக்கு நடுக்குரல்,
பாக்குப் பொட்டலத்தின் ஜிகினாத்தாளுக்கும் அதே குரல்தான்,
அதற்கு நான் பொறுப்பல்ல.
செம்பு பித்தளை வெள்ளிக்கு உச்சம்.
இரும்பின் ஒலியளவைப் பத்தில் மூன்றாகக் குறைத்தேன்.
பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி
காதில் விழட்டும்,
நம் கதவைத் தட்டவேண்டாம்.

கொர். கொர் கொர். கொர்.
விளக்குமாறு போடும் வேகத்துக்கும் பாதி வேகத்தில்
மணலைத் தடவிக்கொண்டு போகிறேன்.
நடுக்குரல் கேட்ட இடமெல்லாம் தோண்டினேன்.
ஜிகினாத்தாள், ஜிகினாத்தாள்,
வலையிலிருந்து கழன்ற ஈயக்குண்டு,
மறுபடி ஜிகினாத்தாள்.
உச்சக்குரலை விட்டுவிட்டேன்.
வளைந்து துருவேறிய பெரிய ஆணிகூட
சில நேரம் உச்சத்தில் பொய் பாடும்.
இவளோ தங்கம் என்கிறாள்.

ஒன்பது மணி வெயில்.
பின்னாலேயே வந்தவள் நின்றாள்.
"அது இன்னாண்ணே, குருவி மாதிரி கத்துச்சே?"

"பித்தளைம்மா. தங்கம் இப்படிக் கத்தாது."

கடலைப் பார்த்தாள்.
முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள்.
"அத்தையும் கொஞ்சம் தோண்டிப் பாரேன்."

கால் திருப்பம் திரும்பிக் குறுக்கே வீசினேன்.
கொர், க்ரீச், கொர்.
பொய் பாடும் ஆணி பக்கம் மாறினால் பேச்சை மாற்றும்.
இது மாற்றவில்லை.
ஒரு சாண் ஆழத்தில்
கரியும் இரண்டு ஆணியும்,
அவற்றுக்கு நடுவில் மோதிரம்.

அலையில் கழுவிக் கொடுத்தேன்.
விரல் உரசிய உள்பக்கம்
மஞ்சள் தேய்ந்து செம்பு சிவந்திருந்தது.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
"தடைக்காலத்துல, ரசீது கூட..."
அதற்குமேல் சொல்லவில்லை.
எந்தக் கடை, எவ்வளவு வட்டி,
நானும் கேட்கவில்லை.
காலையிலேயே சொல்லியிருந்தால்
குரலை மாற்றி வைத்திருப்பேன்,
அரை மணியில் முடிந்திருக்கும்.
எப்படிச் சொல்வாள், ஸ்பீக்கர் வைத்த ஆளிடம்?

படகிலிருந்து இறங்கி
லுங்கியைப் பிழிந்துகொண்டே வந்தான் தேசிங்கு.
"கெட்ச்சிதா?"
"ம்."
அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து
பல் தெரியச் சிரித்தான்.
"இவ்ளோ ஆணிக்குள்ள
தங்கத்த எப்டி கண்டுபுட்ச்சிது உன் மெஷினு?
அது கைல வெச்சிக் காட்டேன், கேப்போம்."

சுருளுக்கு மேலே
அந்தக் கை இறங்கிக்கொண்டிருந்தது.

"பேட்டரி தீந்துட்சிப்பா" என்றேன்.
கட்டைவிரலால்
மூன்று குரலையும் அணைத்தேன்.