சிட்ருலின் ஒன்பது

எங்கட பக்கத்துச் சண்டைக்காரர் சொல்வது,
குடலை உருவி மாலை போடுவன் எண்டு.
டூபிங்கனில் அதைச் செய்தார்கள்.
பதினொரு மணித்தியாலம், மிகுந்த மரியாதையோடு.
இரத்தக் கட்டி அடைத்துக் கறுத்துப்போனதை எடுத்து எறிந்து
இன்னொருவருடையதை வைத்துத் தைத்தார்கள்.

எவருடையது என்று சொல்லக் கூடாதாம். சட்டம்.
ஆணா பெண்ணா என்றுகூட நான் கேட்கவில்லை,
உறைப்புச் சாப்பிடுகிறவரா என்றுதான் கேட்டேன்.
டாக்டர் ஹார்ட்லீப் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

வலது இடுப்புக்கு மேலே எனக்கு இப்போது
பல்லில்லாத ஒரு சிவப்பு வாய்.
செவ்வாயும் வெள்ளியும் அதற்குள் கமராவை இறக்கி
நெல்லிலும் சின்னதாய்க் கிள்ளி எடுப்பார்கள்,
புல்லாய் நிமிர்ந்து நிற்கவேண்டிய உறிஞ்சிகள்
மிதிபட்டுக் கிடக்கின்றனவா என்று பார்க்க.

எழுபத்திரண்டாம் நாள் மிதிபட்டுக் கிடந்தன.

நைட்ரிக் ஒக்சைட், என்றார்.
எனக்குத் தெரியும், என்றேன்.
பத்தொன்பது வருடம் ஸ்டுட்கார்ட்டில் பார்சல் வண்டி ஓட்டினவன்.
நெக்கார்டோர்ச் சந்தியில் ஒரு தகரப் பெட்டி நிற்கும்,
எங்கள் டீசல் மூச்சை எண்ணிக்கொண்டு.
பழைய வண்டிகளை மறித்தார்கள். என்னுடையதையும்.
அதே சாமானா?
அதே சாமான்தான். உங்கள் உடம்பும் செய்யும்.
துளியாய் வந்தால் குழாய் விரியும், இரத்தம் ஓடும்.
காவல் அணுக்கள் வெறியில் செய்தால்
வேலிக்கு வைத்த நெருப்பு வீட்டில் பிடிக்கும்.

சில நொடிதான் அதற்கு ஆயுள்.
பிடிக்க ஏலாது, சாம்பலைத்தான் அளக்கலாமாம்.
அதற்காக மூன்று நாள் கீரை இல்லை, பீட்ரூட் இல்லை,
பெரிய போத்தலில் என் மூத்திரம்,
குகநேசன் என்ற பேரில் ஒரு எழுத்தை விழுங்கிய லேபிளோடு.

சகிப்பு இன்னும் வரவில்லை, என்றார்.
அந்தச் சொல்லும் எனக்குப் பழக்கம்.
தொண்ணூற்றொன்றில் கையில் தந்த தாளுக்கு
டுல்டுங் என்று பேர்.
வதிவிடம் இல்லை, உரிமை இல்லை,
சகித்திருக்கிறோம், அவ்வளவுதான்.
மூன்று மாதத்துக்கு ஒருக்கால் வரிசையில் நின்று
சகிப்பை நீட்டிக்கொண்டு வருவேன்.
இப்போது கந்தோரே நான்.
என் வெள்ளணுக்கள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்கின்றன
எந்த வழியால் வந்தாய், ஏன் வந்தாய் என்று.

பிறகு உள்ளங்கை சிவந்தது.
மருதோன்றி வைத்ததுபோல, ஆனால் எரியும்.
குடலோடு அதன் காவலாளிகளும் வந்திருக்கிறார்களாம்.
அவர்கள் என் தோலைத் தட்டி
நீ ஆர் என்கிறார்கள்.
எந்தப் பக்கத்தை அடக்குவது?
என் கால்மாட்டில் மூன்று டாக்டர்மார்
மெல்லிய குரலில் சண்டை பிடித்தார்கள்.
சுகிர்தா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்:
"இதில வீட்டுக்காரர் ஆரப்பா?"

இரத்தத்தில் சிட்ருலின் ஒன்பது.
நல்ல குடல் சுரப்பது. குறைந்தால் குடல் தேய்கிறது.
முதன்முதல் அதைக் கண்டெடுத்தது வத்தகப்பழத்தில், என்றார்.
சுகிர்தாவுக்கு அவ்வளவு போதும்.
டிசம்பர். துருக்கிக் கடையில்
பிரேசிலிலிருந்து வந்த ஒன்று, பன்னிரண்டு யூரோ.
சோதனைக்கு முன்னம் தின்றால் எண் பொய் சொல்லும்,
பொறுங்கள், என்றுவிட்டார்.
ஒன்பது நாள் அந்தப் பழம்
எங்கள் காரின் முன் இருக்கையில் பெல்ட் போட்டு இருந்தது.
எனக்கு ஸ்டீரொய்ட் ஏறியது. முகம் வீங்கியது.
பதினொன்று.
பதினொன்று.
பதினேழு.

இரண்டு துண்டு, விதை எடுத்து, என்று அனுமதி.
அவளுக்குக் கண்ணாடி இல்லை அன்று.

கொப்பியில் நாலு பத்தி உண்டு.
நேரம்: காலை ஆறு பத்து.
அளவு: அறுநூற்று நாற்பது மில்லி.
நிறம்: பழுப்பு. உள்ளங்கை இன்னும் சிவப்புத்தான்,
அதற்குப் பத்தி இல்லை.
குறிப்பு என்ற இடத்தில்
இதுவரை ஒன்றும் எழுதினதில்லை.
பையை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்துவிட்டு
தமிழில் எழுதினேன்:
ஒரு விதை. கறுப்பு. முழுசாக.