உம்

கொழும்பிலிருந்து வேனில் வந்த பெட்டி.
ஹபரணைப் பாதையில் அத்தனை குலுங்கியும்
ஒரு வயரும் அறுந்திருக்கவில்லை.

சபூறாவுக்குப் பதினைந்து வயது. கிண்ணியா.
முள்ளந்தண்டு ஐம்பத்தெட்டுப் பாகை வலப்பக்கம்.
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில்
ஒரு தோள் எப்போதும் இறங்கியே கிடக்குமாம்,
உம்மா சொன்னார்.

மயங்குமுன் ஒன்றுதான் கேட்டாள்:
"நான் தூங்கக்குள்ள கால் தானா ஆடுமாமே,
அத ஆரு பாக்கிற?"
நான், என்றேன் முகமூடிக்குள்ளிருந்து.

உட்கணுக்காலுக்குப் பின்னால் ஓர் ஊசி,
பெருவிரலை மடக்கும் தசையில் ஒன்று,
உச்சந்தலையில் முடி விலக்கிப் பசை.
கணுக்காலில் மின்சாரம் தட்டினால்
முப்பத்தெட்டு மில்லிசெக்கனில்
மூளை "உம்" என்கிறது.
கதை கேட்கும் பிள்ளை
உம் கொட்டுவதை நிறுத்தினால்
தூங்கிவிட்டதென்று எழுந்து போகலாம்.
இவள் தூங்கியபிறகுதான்
எனக்கு உம் கொட்டத் தொடங்குகிறாள்.

பதினொன்று நாற்பதுக்கு
டொக்டர் ரணவக்க கம்பியைத் திருப்பினார்.
இடது காலின் அலை தேய்ந்தது.
பாதி.
பாதியிலும் பாதி.

ஊசி கழன்றதா? இல்லை.
மயக்கவாயு கூடிற்றா? இல்லை.
போன மாசியில் இப்படித்தான்
கழன்ற வயர் ஒன்றுக்காகக் கத்தி
எல்லோரையும் இருபது நிமிடம் நிறுத்தினேன்.
அன்று ரணவக்க விட்ட மூச்சு
இன்னும் என் பிடரியில் இருக்கிறது.

ஆனாலும் சொன்னேன்:
"சேர், இடது கால் போகுது."

கையுறைகள் அந்தரத்தில் நின்றன.
கம்பி ஒரு மயிரிழை தளர்ந்தது.
ரத்த அழுத்தத்தை ஏற்றினார் சிவதர்சினி.
வெதுவெதுப்பாகச் சேலைன் ஊற்றினார்கள்.
கன்னியாவின் ஏழு கிணற்றில்
இது எந்தக் கிணற்றின் சூடு என்று
சம்பந்தமில்லாமல் ஓடியது மனம்.

தட்டு. ஒன்றுமில்லை.
தட்டு.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.
தட்டு.

ஒன்பதாவது நிமிடம்
சிணுங்கலாய் ஒரு மேடு.
அடுத்ததில் கொஞ்சம் உயரமாய்.
முழுதாக வரவில்லை. முக்கால்.
"போதும்," என்றார் ரணவக்க,
"மிச்சக் கோணல் இருந்துவிட்டுப் போகட்டும்."

மறுநாள் வாட்டில்
இடது பெருவிரலை உம்மாவுக்கு
ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.
முகமூடி இல்லாத என்னை யாரென்று தெரியவில்லை.
"தலையில என்னமோ பசை, மிஸ்.
சீவச் சீவப் போகுதில்ல.
எந்த மூதேவி பூசினதோ," என்று
என்னிடமே முறையிட்டாள்.

உம், என்றேன்.