அரைப்புள்ளி

திருக்கோவில் மீனவர் சங்கத்தின் கடன் பட்டியல்,
இரண்டாயிரத்து மூன்றில் யாரோ பாமினியில் அடித்தது.
எடிட்டரில் திறந்தால் ஒரு சொல் தமிழில்லை;
காயப்போட்ட நெத்தலி மாதிரி
ஆங்கிலச் சின்னெழுத்தும் அரைப்புள்ளியும்.

அங்கே அம்மா என்றால்
எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

தேடு. மாற்று.
கொம்பும் காலும் சேர்ந்ததை முதலில் மாற்றவேணும்.
அவசரப்பட்டுத் தனிக்கொம்பைத் தொட்டால்
'கொ' முறிந்து
கால் மட்டும் நடுவழியில் நிற்கும்.
கன்ட்ரோல் இசட், கன்ட்ரோல் இசட்,
மூன்றாம் முறைதான் பிடிபட்டது.

பிறகு, அரைப்புள்ளி எல்லாம் புள்ளியாகட்டும் என்றேன்.
நாலாயிரத்துப் பதினேழு இடம்; கண்மூடித் திறக்கவில்லை,
பூமணிதேவி எழும்பினாள், கனகரெத்தினம் எழும்பினார்,
தொகைகளின் தலையிலும் புள்ளி விழுந்திருந்தது.
நிரல் பிரித்ததும் அரைப்புள்ளியாலாம்.
திரும்பவும் இசட்.

திருத்தி முடிக்கையில் கரண்ட் போனது.
யூபிஎஸ் கீச்சிடுகிறது.
கோப்பின் பெயரருகே சேமிக்காத நட்சத்திரம்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி:
சீ. சாமித்தம்பி, வள்ளம் ஒன்று, பாக்கி பதினோராயிரம்.

எங்கட அப்பா.
எல்லாம் கட்டியாச்சு என்று
வீட்டில் சொன்ன அப்பா.

வரியின் முடிவில் கர்சர் துடிக்கிறது.
அழிக்க ஒரு விசை போதும்.
மனேஜர் தேத்தண்ணிக்குப் போய்விட்டார்.

கீச், கீச்.

கன்ட்ரோல் எஸ்.