ஏழாவது தோடம்பழம்

போன மாதம் வகுப்புப் பலகையில் ஓர் ஆறு ஓடியது.
விரல் வைத்தால் கிளையாறு பிரியும்,
இரண்டு விரலால் விரித்தால் கடல் வரும்.
சோதனையில் இருபத்தொரு பேரில்
பத்தொன்பது பேருக்கு முழுப் புள்ளி.
பள்ளிக்குப் பின்னால் போகிற எம்மெ
எந்தப் பக்கம் பாய்கிறது என்று
பேச்சுவாக்கில் கேட்டுவைத்தேன்.
ஆறு கைகள் ரயில் நிலையத்தைக் காட்டின.
ஒன்பது கைகள் மலையை.
மிச்சக் கைகள் டேப்லட்டைத் தேடின.

குறை சொல்லவில்லை.
புர்க்டோர்ஃபுக்கு வேலைக்கு வந்து நான்கு வருடம்,
அந்தப் பாலத்தை நானும்
ஐந்து பத்து ரயிலைப் பிடிக்கிற ஓட்டத்தில் மட்டுமே
கடந்திருக்கிறேன்.

ஆகவே செவ்வாய்க்கிழமை
மிக்ரோவில் பாதி விலைக்குப் போட்டிருந்த
தோடம்பழம் இரண்டு வலை,
முப்பது மீட்டர் கயிறு,
டேப்லட் இரண்டு. இருபத்தொன்றல்ல, இரண்டு.
"என்னுடையது எங்கே?" என்றான் லெவின்.
அலமாரியில் சார்ஜ் ஏறட்டும் என்றேன்.
பாலம் வரும்வரை என்னோடு அவன் பேசவில்லை.

மேலே நிற்பவர் பழத்தை விட,
கயிறு முடிகிற இடத்தில் நிற்பவர் கத்த,
அதுதான் கணக்கு.
முதல் பழம் இருபத்தாறு வினாடி.
அடுத்தது இருபத்தொன்பது.
மூன்றாவதை ஆர்டித் விடவில்லை, வீசினான்.
அதைச் சேர்ப்பதா தள்ளுவதா என்று
கரையில் வழக்கு நடந்தது.
மூக்குச் சிவந்த நீதிபதிகள்
இன்னொரு தரம் போடு என்றார்கள்.

ஏழாவது வரவில்லை.

கல்லுக்குப் பின்னால் நீர் சுழிக்கிற ஓரிடத்தில்
சுற்றிக்கொண்டிருந்தது,
எங்கும் போகிற எண்ணமே இல்லாத மாதிரி.
ஒரு நிமிடம். நான்கு நிமிடம்.
பழங்களை வாரியெடுக்க வலையோடு நின்ற
பள்ளிக் காவலாளி ட்சௌக்
பிளாஸ்கிலிருந்து இரண்டாவது காப்பியை ஊற்றினார்.

யதுர்ஷா அட்டவணையில் "வரவில்லை" என்று எழுதினாள்.
கட்டம் சிவந்தது: எண் மட்டும் இடவும்.
பூச்சியம் இட்டாள். கட்டம் சமாதானமானது.
"அப்போ இதுதான் எல்லாவற்றிலும் வேகமான பழம்"
என்றாள், திரையைப் பார்த்தபடி.
பிறகு ஆற்றைப் பார்த்தாள்.
பிறகு என்னை.

அந்த நேரம் நான் வாயைத் திறக்காமல் நின்றது
பதினொரு வருட உத்தியோகத்தில்
உருப்படியாகச் செய்த சிலவற்றில் ஒன்று.

ஏனென்றால், கோபம் தீராத குரலில் லெவின் கேட்டான்:
"மேலே ஓடுகிற தண்ணீரும் அடியில் ஓடுகிற தண்ணீரும்
ஒரே வேகமா?
பழத்துக்கு மேல்தண்ணீர் மட்டும்தானே தெரியும்?"

யாரும் பதில் தேடவில்லை. குச்சி தேடினார்கள்.
குச்சி போதவில்லை.
ஒருத்தியின் சப்பாத்து நனைந்தது,
அதற்கு இரவு அவள் தாயிடமிருந்து
எனக்கு மின்னஞ்சல் வரும்.

டேப்லட்டைத் தா என்றான் லெவின். கொடுத்தேன்.
சுழியை ஸ்லோமோஷனில் பிடித்தான்.
எங்கள் கண் தவறவிட்டதை
அது வைத்திருந்தது:
ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச நேரம்
பழம் ஆற்றை எதிர்த்து
வந்த வழியே திரும்பிப் போகிறது.
எட்டுத் தலைகள் ஒரு திரைமேல் முட்டிக்கொண்டன.
இருபத்தொரு தலைகள் இருபத்தொரு திரைமேல்
கவிழ்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.
அந்த அமைதியை ஒழுக்கம் என்று
அறிக்கையில் எழுதியும் இருக்கிறேன்.

வகுப்பு கலைந்தபின் பூச்சியத்தை அழித்தேன்.
கட்டத்தை வெறுமையாக விட்டால்
ஆறு பழம்தான் போட்டோம் என்கிறது மென்பொருள்.
அட்டவணையை அச்செடுத்து
ஏழாம் இடத்தைப் பென்சிலுக்கு விட்டு
சுவரில் ஒட்டினேன்.
நாளைக்கு அவர்கள் சண்டை பிடிக்கட்டும்.

ஐந்து பத்து ரயில் நான் இல்லாமல் போனது.
பழம் அங்கேயே கிடந்ததா என்று கேட்காதீர்கள்,
இருட்டிவிட்டது.
ஆனால் காதுக்குத் தெரிந்தது:
நிலையத்துக்கு நடக்கிற எனக்கு
எம்மெ
இடமிருந்து வலம்.