சனிக்கிழமை முறை

செவ்வாய், வியாழன், சனி:
சைலஸின் இரத்தம் வெளியே போய்
கழுவப்பட்டுத் திரும்பும் நாட்கள்.
இந்தச் சனி
பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் விழுந்தது.

சாட்ஸ்வர்த் மேட்டில் எங்கள் சபையார்
இந்நேரம் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.
போன வாரம் பாஸ்டர் கோவெண்டர் சொன்னார்:
"கடுகளவு விசுவாசம் போதும், சிஸ்டர்."
தாளிக்கும்போதெல்லாம் கடுகைப் பார்க்கிறேன்.
வெடித்துச் சிதறுகிறது.

மெர்வின், அவர் கூடப் பிறந்தவன்,
"என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொள்" என்று
மேசையில் தட்டிச் சொன்னவன்,
ஜனவரியிலிருந்து போன் எடுப்பதில்லை.
இரண்டு சின்னப் பிள்ளைகள் அவனுக்கு.
பயந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல வரவில்லை.
கர்த்தரைத்தான் சொன்னேன்,
பாத்திரம் தேய்க்கையில், டாக்ஸி வரிசையில்,
முழங்காலில் நின்றபடியும்.

ஆறரைக்கு மின்சாரம் போயிற்று.
வார்டு முழுக்க இயந்திரங்கள் ஒரேயடியாய்க் கூவின.
வெளியே ஜெனரேட்டர் இருமியது, அடங்கியது.
மற்ற கட்டில்களுக்கு பேட்டரி ஓடிற்று.
சைலஸுக்கு வாய்த்தது பழையது.
குழாயில் சிவப்பு அசையவில்லை.

சிஸ்டர் நொம்வூலா ஓடி வந்தாள்.
பக்கவாட்டில் செருகியிருந்த கைப்பிடியை உருவி
சக்கரத்தில் மாட்டினாள்.
"லைட் பிடி" என்றாள்.
என் போன் வெளிச்சத்தில்
என் கணவரின் இரத்தம்
இன்னொரு பெண்ணின் மணிக்கட்டால்
நடக்கத் தொடங்கியது.

வேகமில்லை. நிறுத்தமும் இல்லை.
பன்னிரண்டு நிமிடம்.
அவள் மூக்கு நுனியில் வியர்வை தொங்கியது.
துடைக்க அவளுக்குக் கை இல்லை,
நான் துடைத்தேன்.
ஜூலுவில் ஏதோ முணுமுணுத்தாள்.
ஜெபமோ, சுற்றுக்களின் எண்ணிக்கையோ.
முடிவில் ஆமென் போல ஒன்று கேட்டது,
வெறும் மூச்சாகவும் இருக்கலாம்.

கல்லறைக்குள் அந்தச் சனிக்கிழமை
என்ன நடந்தது என்று
பார்த்து எழுதியவர் யாருமில்லை.
சீடர்கள் பயந்து கதவைச் சாத்தியிருந்தார்கள்.
வாசலில் கல். உள்ளே இருட்டு.
அந்த இருட்டில் ஒரு கை
நிறுத்தாமல்
சுற்றிக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

விளக்கு வந்தது.
சைலஸ் கண்ணைத் திறந்து
"ஸ்கோர் என்ன?" என்றார்.
நொம்வூலா கைப்பிடியை இருந்த இடத்தில் செருகி,
விரல்களை உதறிக்கொண்டு
அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

நான் கேட்டது கிடைக்கவில்லை.
மெர்வின் அழைக்கவில்லை.
ஆனால் அன்றிரவு டாக்ஸியில்,
எத்தனையோ மாதத்துக்குப் பிறகு,
ஒன்றுமே கேட்காமல் உட்கார்ந்திருந்தேன்.
அவர் தலை என் தோளில்.
ஊசி குத்திய கை என் மடியில்,
வெதுவெதுப்பாக.

செவ்வாய்க்கு இன்னும் மூன்று நாள்.
நாளை ஞாயிறு.
கடுகு வாங்க வேண்டும்.